லாரி தார்ப்பாய் கடையில் தைத்த கோல்ஃப் பை உறை: ஒரு சீசன் ஓட்டிய பிறகு

காரைக்குடியில் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற ஒரு சின்னக் கடையைப் பற்றியது இந்த மதிப்பீடு. அங்கே நான் தைத்து வாங்கியது கோல்ஃப் பையை விமானத்தில் போடுவதற்கான பயண உறை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாமான் கெட்டி, விலை நியாயம், சக்கரம் சுமார், சொன்ன தேதிக்குக் கையில் வரும் என்று மட்டும் எதிர்பார்க்கக் கூடாது.

நான் சிக்ரியில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து எங்கள் ஊருக்கு வந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைத்தான் சிக்ரி என்போம். முலாம் பூசுவது, துருப்பிடிப்பது, இதெல்லாம்தான் என் பிழைப்பு. அதனால் ஒரு ஜிப்பைப் பார்த்தாலும் அது எதில் செய்தது என்று பார்க்கிற புத்தி இன்னும் போகவில்லை. இந்த மதிப்பீட்டில் அந்த வியாதி கொஞ்சம் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகன் தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரன். பத்தாம் வகுப்புக்கு மேல் கோயம்புத்தூரில் என் தங்கை வீட்டில் தங்கிப் படித்தான். மாப்பிள்ளை செட்டிபாளையத்து கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டிவிட்டார். இன்ஜினியரிங் முடித்தான், வேலைக்குப் போகவில்லை. அவன் ஆத்தாளுக்கு அந்த மனக்குறை இன்னும் தீரவில்லை. மைதானத்தில் ஆட்டக்காரனின் பையைத் தூக்கி வருகிற ஆளுக்கு (கேடி என்பார்கள்) கொடுக்கிற கூலி மிச்சமாகட்டும் என்று முடிந்த ஊர்களுக்கெல்லாம் நானே பை தூக்கப் போகிறேன். முழங்கால் ஒத்துழைக்கிற வரைக்கும்.

அவன் ஆடுவது ஆசிய டெவலப்மென்ட் டூர். டூர் என்றால் ஊர் ஊராக நடக்கிற போட்டித் தொடர். ஆசியன் டூர் என்கிற பெரிய மேடைக்கு ஆள் தயார் செய்ய 2010இல் தொடங்கிய இரண்டாம் படி. பெரிய டூருக்கான தகுதிப் போட்டியின் கடைசிக் கட்டம் தாய்லாந்தில் ஹுவா ஹின் பக்கம் நடக்கும், ஐந்து சுற்று. அதில் முதல் 35 இடத்துக்குள் வந்தால் ஆசியன் டூரில் ஆடுகிற உரிமை, அதாவது அட்டை, வராவிட்டால் இந்த டூர். இங்கே வருஷக் கடைசியில் தரவரிசைப் பட்டியலில் மேலே நிற்கிற சிலருக்குப் பெரிய டூரில் இடம் கிடைக்கும். அமெரிக்காவில் இதே வேலையைச் செய்வது கார்ன் ஃபெர்ரி டூர். 1990இல் பென் ஹோகன் பெயரில் ஆரம்பித்து, ஸ்பான்சர் மாற மாறப் பெயரும் மாறி வந்த டூர் அது. அங்கே 30 பேருக்குக் கொடுத்துவந்த அட்டையை 2025இல் 20 பேராகக் குறைத்துவிட்டார்கள். கதவு எல்லா ஊரிலும் ஒடுங்கிக்கொண்டுதான் வருகிறது.

இந்த இரண்டாம் படியில் கணக்கு ரொம்ப எளிது. முதல் இரண்டு சுற்று முடிந்ததும் ஒரு கோடு போடுவார்கள், அதற்குக் 'கட்' என்று பெயர். கோட்டுக்குக் கீழே நின்றால் ஒரு காசு கிடையாது. விமானம், ரூம், நுழைவுக் கட்டணம், சாப்பாடு எல்லாம் கைக்காசு. கோட்டைத் தாண்டிக் கடைசியில் வந்தாலும் பெரும்பாலும் டிக்கெட் காசுதான் தேறும். வட்டிக்கணக்கு பார்த்துப் பழகின ஊரில் பிறந்துவிட்டு இதை எப்படி ஒத்துக்கொண்டாய் என்று என் பெரியப்பா மகன் கேட்டார். பதில் சொல்லவில்லை.

சரி, உறைக்கு வருகிறேன். கோல்ஃபில் 14 மட்டை வரை வைத்துக்கொள்ளலாம். பெரிய டூர்களில் மட்டை கம்பெனிகளின் பட்டறை வண்டி மைதானத்துக்கே வந்து நிற்கும். தண்டு முறிந்தால் மாற்றிக் கொடுப்பார்கள், கோணம் பிசகினால் நிமிர்த்திக் கொடுப்பார்கள், ஆட்டக்காரனுக்குச் செலவு கிடையாது. எங்கள் படியில் அப்படி எந்த வண்டியும் வராது. சுற்றின் நடுவே மட்டை உடைந்தால், கோபத்தில் உடைத்ததாக இல்லாத வரை, மாற்றிக்கொள்ளலாம் என்று 2023 விதிப் புத்தகம் இடம் கொடுக்கிறது. மாற்ற இன்னொன்று கையில் இருந்தால்தானே? அதனால் பை போய்ச் சேருவது எங்களுக்கு வெறும் லக்கேஜ் விஷயம் இல்லை. திங்கட்கிழமை மட்டை உருப்படியாக வந்து இறங்கினால்தான் வியாழக்கிழமை ஆட்டம்.

முதலில் ஆன்லைனில் வாங்கிய கம்பெனி உறை ஒன்று இருந்தது. பெயர் வேண்டாம். பார்க்க நன்றாக இருக்கும். உள்ளே அரை அங்குல ஸ்பான்ச், வெளியே மெல்லிய பாலியெஸ்டர். உள்நாட்டு விமானம் ஒன்றில் போட்டுவிட்டு எடுத்தபோது, கம்பெனி உறை அப்படியே இருந்தது, உள்ளே டிரைவர் என்கிற மட்டை கழுத்தில் முறிந்து கிடந்தது. பையிலேயே நீளமான மட்டை அதுதான், 45 அங்குலத்துக்குக் குறையாது. பை தலைகுப்புற விழுந்தால் முதல் அடி அதன் தலைக்கு. தலை டைட்டானியம், தாங்கிவிடும். கிராஃபைட் தண்டு தலைக்குள் நுழைகிற இடத்தில்தான் மொத்த அழுத்தமும் சேரும், அங்கேதான் போகும். புதிதாக வாங்க ஐம்பதாயிரத்துக்கு மேல். விமானக் கம்பெனி ஒரு படிவம் கொடுத்தது. அந்தப் படிவம் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

டிரைவராவது முறிந்தால் கண்ணுக்குத் தெரியும். அயர்ன் என்கிற இரும்புத் தலை மட்டைகள் அப்படி இல்லை. மகன் வைத்திருப்பது அடித்துச் செய்த மென் எஃகு. கை உணர்வு நன்றாக இருக்கும் என்பான், ஆனால் இடிபட்டால் சத்தமில்லாமல் ஒரு டிகிரி சாய்ந்துவிடும். 150 கெஜத்தில் அந்த ஒரு டிகிரி இரண்டு மூன்று கெஜம் இழுக்கும். பையன் தன் கை சரியில்லை என்று நினைத்து நல்ல ஆட்டத்தை மாற்றிக் கெடுத்துக்கொள்வான்.

கடை செக்காலை ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற ஒரு சந்தில் இருக்கிறது. போர்டு கிடையாது. வாசலில் நீலத் தார்ப்பாய் மலையாகக் குவிந்திருக்கும். லாரி தார்ப்பாய், ஆட்டோ சீட், கடை முகப்புக்கு வெயில் மறைப்பு, இதுதான் தொழில். கடைக்காரரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். பழைய உறையை அவர் முன்னால் விரித்தேன். சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன சிக்ரி சார், ஆளைப் படுக்க வச்சுத் தைக்கிற நீளம் இருக்கு?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அப்புறம் அவர் கேட்டது ஒரே கேள்வி: "அடி எங்கெங்க படும்?"

எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது. ஆன்லைனில் எந்தக் கம்பெனியும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. தலைப்பக்கம், அடிப்பக்கம், இழுத்துப் போடும்போது முதுகுப்பக்கம் என்று காட்டினேன். அந்த மூன்று இடத்துக்கும் மூன்று விதமாகத் தைத்தார். தலைப்பக்கம் தார்ப்பாய், நடுவில் இரண்டு அங்குல ரீபாண்டட் ஸ்பான்ச், உள்பக்கம் ஆட்டோ சீட் ரெக்ஸின். அடியில் பழைய கன்வேயர் பெல்ட் ரப்பரை வெட்டி வைத்துத் தைத்துவிட்டார். முதுகில் தார்ப்பாய் இரண்டு மடிப்பு.

தையலைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். கம்பெனி உறையில் தையல் நெருக்கமாக, அழகாக இருந்தது. பாய் தைத்ததில் அங்குலத்துக்கு ஐந்து தையல்தான். ஏன் இவ்வளவு தூரம் தூரமாகப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். "நெருக்கிப் போட்டா தபால்தலை மாதிரி ஓட்டை வழியா கிழிஞ்சு வந்துரும் சார். இது துணி இல்ல, பூச்சுப் போட்ட சாமான்" என்றார். கனமான நைலான் நூல், பக்கத்துக்கு இரண்டு வரிசை, முடிகிற இடத்தில் பெட்டி போட்டுக் குறுக்குத் தையல். சீசன் முடிந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு தையல் விடவில்லை.

ஜிப்பில் மட்டும் நான் தலையிட்டேன். அவர் முதலில் எடுத்து வைத்தது பளபளவென்று மின்னியது. அரத்தை வாங்கி இழுப்பானின் மூலையில் ஒரு கீறு கீறினேன். மஞ்சள் தெரிந்தால் பித்தளை, வெள்ளை தெரிந்தால் துத்தநாகக் கலவைக்கு மேல் முலாம். வெள்ளைதான் தெரிந்தது. கை வியர்வை உப்புக்கும் மலேசியா மழைக்கும் அது தாங்காது, சீக்கிரமே வெள்ளைப் பொடி பூத்து இறுகிவிடும். பத்தாம் நம்பர் பித்தளை ஜிப் திருச்சியிலிருந்து வரவழைத்தார், அதற்குத் தனியாகக் காசு கொடுத்தேன். நாடா மாட்டுகிற வளையங்களுக்கும் பித்தளை போட்டுவிட்டு, ரிவெட்டை மட்டும் இரும்பில் அடிக்கப் பார்த்தார். இரண்டு உலோகம் ஈரத்தில் ஒட்டி இருந்தால் இளைத்தது அரிக்கும் என்று சொல்லி அதையும் பித்தளையாக்கினேன். "உங்களுக்குத் தைக்கிறதுக்கு லாரிக்குத் தச்சுரலாம்" என்றார்.

முக்கியமான பாகம் நடுவில் நிற்கிற கம்பு. டிரைவரைவிடக் கொஞ்சம் நீளமாக ஒரு கம்பைப் பைக்குள் நிறுத்தினால், தலைகுப்புற விழும்போது அடி கம்புக்குப் போய்விடும், மட்டைக்கு வராது. இதற்கென்றே மடக்குக் குழாய்கள் தனியாக விற்கிறார்கள். நான் அலுமினியக் குழாய் என்றேன். பாய் நாலடிக் கல்மூங்கில் என்றார். "அலுமினியம் ஒரு தடவ வளஞ்சா வளஞ்சதுதான் சார். மூங்கில் வளஞ்சு குடுத்துட்டுத் திரும்ப வந்து நிக்கும்." உலோகத்தோடு காலம் தள்ளியவனிடம் சொல்கிற பேச்சா என்று இருந்தது, ஆனால் சொன்ன விஷயம் உண்மை. இரண்டு முனையிலும் ரப்பர் குப்பி மாட்டி, உள்ளே நாடாவால் கட்டிக் கொடுத்தார்.

அந்த மூங்கிலால் ஒரு வேடிக்கை. ஒரு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி உறையைத் திறந்து, மட்டைகளை ஒன்றும் சொல்லாமல், மூங்கிலை மட்டும் எடுத்துத் தட்டிப் பார்த்தார். செடிகொடி மரம் கொண்டுவரும் விதிகளில் இது வருமா வராதா என்று இரண்டு பேர் கூடிப் பேசினார்கள். கடைசியில் விட்டுவிட்டார்கள். அதிலிருந்து வெளிநாட்டுக்கு என் அலுமினியக் குழாய், உள்நாட்டுக்கு அவர் மூங்கில். இரண்டு பேருக்கும் வெற்றி.

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம் இருப்பது எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் பெரிய வசதி. அங்கே பங்காளி முறையில் ஓர் அண்ணன் வீடு இருக்கிறது, மலேசியாவில் நடக்கிற வாரங்களில் பக்கமாக இருந்தால் ரூம் செலவு மிச்சம். மலேசியாவில் பிற்பகல் மழை வருகிற நேரத்துக்குக் கடிகாரமே வைக்கலாம். இடி இடித்தால் ஹாரன் ஊதி ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள், எல்லாரும் ஓடவேண்டும். அப்படி ஒரு நாள், உறையைப் பயிற்சித் திடல் ஓரத்தில் போட்டது போட்டபடி கிடந்து நனைந்தது. லாரி நனையும் மழைக்குச் செய்த துணி, உள்ளே பொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை.

ஆனால் இங்கேதான் குறையும். வெளித் தண்ணீர் உள்ளே போகாது என்றால் உள் ஈரமும் வெளியே வராது. நனைந்த துண்டும் கையுறையும் உள்ளே இருக்க, மூடி வைத்துவிட்டு மறுநாள் திறந்தால் பிடிகளில் பூஞ்சை வாடை. வெட்ஜ் என்கிற குறுந்தூர மட்டைகளில் முலாம் இல்லாத ஒன்றில் செம்மண் நிறம் ஏறியிருந்தது. அந்த மாதிரி வெட்ஜ் துருப்பிடிப்பது தப்பில்லை, வெயிலில் கண்ணைக் கூசாது என்று வேண்டுமென்றே அப்படி வாங்குகிறார்கள். என் தொழிலுக்கு அது அவமானமாக இருக்கிறது, வேறென்ன சொல்ல? ஊருக்கு வந்ததும் பாயிடம் சொல்லி, இரண்டு விலாவிலும் பித்தளைக் கண் அடித்து உள்ளே கொசுவலைத் துணி வைத்தோம். இப்போது பரவாயில்லை. புதிதாகத் தைக்கிறவர்கள் முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது குறை கனம். வெறும் உறையே ஐந்து கிலோவுக்கு மேல், கம்பெனி உறை மூன்றரைதான். பையும் மட்டையும் 13 கிலோ. 20 கிலோ விளையாட்டுச் சாமான் என்று காசு கட்டிய இடத்தில் ஷூ வைக்க இடமில்லாமல் போகிறது. அதிலும் ஷூவுக்கென்று பாய் தைத்த பக்கப்பையில் வீட்டு அம்மா சீப்புச் சீடை டப்பாவை இறக்கிவிடுகிறார். கவுண்டரில் நின்று சீடையா ஷூவா என்று தீர்மானித்த நேரமும் உண்டு. ஷூவை நான் தோளில் மாட்டிக்கொண்டேன்.

மூன்றாவது, சக்கரம். அது பாயின் வேலை இல்லை, பக்கத்தில் சூட்கேஸ் ரிப்பேர் செய்கிறவரிடம் வாங்கிப் பூட்டியது. ஜகார்த்தா பக்கம் டமாய் இண்டாவில் நடக்கிற போட்டிக்குப் போகும்போது ஒன்று கழன்று வந்துவிட்டது. அந்த வாரம் முழுக்கத் தூக்கித்தான் திரிந்தோம். இப்போது ஆஸ்பத்திரி டிராலியில் போடுகிற ரகம் வாங்கிக் கொடுத்துப் பூட்டச் சொல்லியிருக்கிறேன்.

உள்நாட்டில் முடிந்தவரை ரயில்தான். பல்லவனில் எழும்பூர் வரை போய் அங்கிருந்து மாறினால், ஸ்லீப்பரில் ஆளுக்கு 40 கிலோ வரை தனிக் கட்டணம் இல்லை. கீழ் பெர்த்துக்கு அடியில் நீளவாக்கில் தள்ளிவிடலாம், கன்வேயர் ரப்பர் தரையில் வழுக்காமல் நிற்கும். டிக்கெட் பரிசோதகர் ஒருவர் மட்டும் உள்ளே என்ன என்று திறக்கச் சொன்னார். பார்த்துவிட்டு, இதில் எவ்வளவு வரும் என்று கேட்டார். மகன் மெதுவாக, "வந்தா சொல்றேன் சார்" என்றான்.

மற்ற ஆட்டக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். நீலத் தார்ப்பாயில் மஞ்சள் நாடா, பார்க்க லாரியேதான். பிலிப்பைன்ஸ் பையன் ஒருவன் தன் உறையில் ஜிப் வெடித்து, உள்ளே மட்டைகள் எட்டிப் பார்க்க வந்து இறங்கினான். அவன்தான் முதலில் தொட்டுப் பார்த்து விலை கேட்டது. ரூபாயில் சொல்லி, அவன் காசில் மாற்றிச் சொன்னதும் இன்னொரு தடவை கேட்டான். அடுத்த பயணத்தில் அவனுக்கு ஒன்று கொண்டு போய்க் கொடுத்தேன். சிவப்பு கேட்டான், பாயிடம் சிவப்பு இல்லை, பச்சை கொடுத்தார்.

விலை 4,200 ரூபாய், பித்தளைச் சாமான் கூடுதல் உட்பட. காற்றுக் கண்ணுக்கும் வலைக்கும் பின்னால் கொடுத்தது 350. இதே உறுதியில் வெளிநாட்டுக் கம்பெனி உறை 15,000க்குக் குறைந்து நான் பார்க்கவில்லை. ஆன்லைன் உறை, முறிந்த டிரைவர் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் என்ன என்று உங்களுக்கே தெரியும். பாயின் உறைக்குள் போன மட்டை ஒன்றுகூட இந்த சீசனில் சேதமாகவில்லை. மகனுக்கு ஆசியன் டூர் அட்டை வரவில்லை, பட்டியலில் நடுவாந்தரத்தில் முடித்தான். அதற்கு உறை பொறுப்பில்லை. ஆறடியிலிருந்து பந்தைக் குழிக்குள் தட்டுவதில் அவனுக்கு வேலை பாக்கி இருக்கிறது, "தெரியும் அப்பச்சி" என்கிறான், அதோடு அந்தப் பேச்சை விடுகிறோம்.

தைக்க நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். பையையும் மட்டைகளையும் நேரில் கொண்டு போங்கள், அளவு எழுதிக் கொடுத்தால் பாய் வாங்கமாட்டார். டிரைவரைத் தலையுறை மாட்டியே அளக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கம்பு நீளம் போதாமல் போகும். தைப் பொங்கலை ஒட்டி மஞ்சுவிரட்டு, பங்குனியில் கோயில் திருவிழாக்கள், அந்த நேரத்தில் பந்தல்காரர்கள் எல்லாரும் அவர் வாசலில்தான் நிற்பார்கள், உங்கள் வேலை ஓரமாகப் போய்விடும். ஆடி மாதம் போனால் வேலை சீக்கிரம் ஆகும். போன் எடுக்கமாட்டார். பாதிப் பணம் முன்னால் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் கடை இல்லை. புதுத் தார்ப்பாய் வாடை போக மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயிலில் போட்டுவிட்டு அப்புறம் மட்டைகளை உள்ளே வையுங்கள்.